சூடு: சில குறிப்புகள்

1

ஜீப் சூடாகிறது என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வதுபோல. காய்ச்சல் நோயின் பெயர் அல்ல என்பது எனக்குத் தெரியும். சூடும் அப்படித்தான் என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு சிலிண்டர் ஹெட் வளைந்துபோயிற்று; ஒரு மனிதருடன் பேச்சு நின்றுபோயிற்று.

ஜீப் அப்பாவினுடையது. 1992இல் பதிவான எம்.எம். 540. 2006இல் அவர் அதை வேறொருவரிடமிருந்து வாங்கினார். மதுராந்தகத்துக்கு அப்பால் எங்களுக்கிருந்த சிறிது நிலத்துக்குப் போய்வர அது தேவைப்பட்டது. நிலம் இப்போதும் இருக்கிறது, அப்பா இல்லை. பெருங்களத்தூரில் வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்பது ஒரு வீம்பு என்று அண்டை வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பது முழுக்கத் தவறும் அல்ல. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூர்த் தெருக்களுக்குள் வந்தபோது இந்த வண்டிதான் தண்ணீருக்குள் இறங்கிப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அதற்குப்பின் அதை விற்கும் பேச்சு வீட்டில் எழவில்லை.

எஞ்சின் பெஜோ டீசல். பம்பாயில் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, 1979இல் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவிடம் உரிமம் பெற்றுச் செய்த எஞ்சின் இது. நாலு சிலிண்டர், 2112 சி.சி. எண்ணெய் நேராகப் பிஸ்டன் தலையில் தெளிக்கப்படுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு சுழல் அறையில் எரியத் தொடங்கிப் பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. அதனால் சத்தம் குறைவு. தண்ணீருக்குப் போகும் சூடு அதிகம். இது குறையல்ல, சுபாவம். இந்தச் சுபாவத்தைத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். நான் தெரிந்துகொள்ளாமல் ஓட்டினேன்.

எந்த எஞ்சினிலும் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தின் பக்கம் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு. ருடால்ஃப் டீசல் 1893இல் தன் கொள்கையைப் புத்தகமாக வெளியிட்டபோது அவருடைய கனவு எஞ்சினுக்குக் குளிர்விக்கும் தண்ணீரே வேண்டியிருக்கவில்லை. சூடு முழுவதும் வேலையாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அவ்வருஷம் ஆக்ஸ்பர்கில் செய்துபார்த்த முதல் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடவில்லை. அது சரியாக ஓடவுமில்லை. பிறகு சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் வந்தது. 1897இல் வெற்றி பெற்ற எஞ்சின் எண்ணெயின் சக்தியில் 26 சதவீதத்துக்குச் சற்று மேல் வேலையாக மாற்றியது. அந்தக் காலத்துக்கு அது ஆச்சரியம். தான் பயன்படுத்த முடியாத சூட்டை ஒப்புக்கொண்டு வெளியே அனுப்பத் தெரிந்த பிறகுதான் அந்த யந்திரம் யந்திரமாயிற்று. டீசலுக்குப் பின்வந்த எல்லோரும் இந்தத் தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். நான் வாளியில் மொண்டு ஊற்றினேன்.

2

முதல் தடவை சூடானது 2020 மார்ச்சில், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடிக்கு முன். முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு போனேன். அடுத்த தடவையும் ஏறக்குறைய அதே இடம். அதற்கடுத்த தடவையும். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் கால் மணி, அரை மணி வண்டிகள் நகராமல் நிற்கும். அங்கே முள் அசையாது. கூடுவாஞ்சேரி தாண்டி ரோடு திறந்து அறுபதில் ஓட்டத் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் ஏறும்.

வண்டி தன் வாயால் சொன்ன சாட்சியம் இது. கேட்கத் தெரிந்தவனுக்கு இதுவே பாதி விடை. நின்றுகொண்டு உறுமும் டீசல் எஞ்சின் மிகக் கொஞ்சம் எண்ணெயை எரிக்கிறது, கொஞ்சம் சூட்டை உண்டாக்குகிறது. ஃபேனில் கோளாறு என்றால் காற்றில்லாத அந்த இடத்தில்தான் சூடாக வேண்டும். ரோடு திறந்து காற்று அடித்ததும் இறங்க வேண்டும். எனக்கு நேர்மாறாக நடந்தது. அப்படியானால் காற்று குற்றவாளி அல்ல. வேகத்தில் உண்டாகும் சூட்டைச் சுமந்துபோகத் தேவையான தண்ணீர் ஓடவில்லை. பம்பு தள்ளவில்லை, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்கிறது, அல்லது ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்திருக்கின்றன. மூன்றே சந்தேகங்கள். ஒரு காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாக அடித்திருக்கலாம்.

நாங்கள் முதலில் மாற்றியது ஃபேன் பெல்ட்.

நாங்கள் என்று சொல்வது, நானும் பாயும். இரும்புலியூர்ப் பக்கத்தில் அவருடைய ஷெட். அப்பா காலத்திலிருந்தே வண்டி அவரிடம்தான் போகும். பெல்ட்டுக்குப் பிறகும் சூடானது. அவர் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இது குளிர் தேசத்துக்காரன் வெச்சது சார். நம்ம ஊருக்கு எதுக்கு?" நியாயமாகத்தான் பட்டது. தமிழ்நாட்டில் எத்தனையோ வண்டிகள் அது இல்லாமல் ஓடுகின்றன.

தெர்மாஸ்டாட் ஒரு சிறிய கதவு. உள்ளே மெழுகுக் குப்பி. தண்ணீர் எண்பது டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கிறது. அதுவரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குகிறது. சில எஞ்சின்களில் அதே கதவு இன்னொரு வேலையும் செய்கிறது: சூடேறிய பிறகு குறுக்குவழியை அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். உடம்பு சுடுகிறதே என்று போர்வையை எடுத்தெறிவது போன்ற வைத்தியம் இது. அதில் இன்னொரு விபரீதமும் உண்டு. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்வரும் தூரத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. முள் கீழேயே கிடக்கும். குணமாகிவிட்டது என்று நினைத்தேன். வியாதி போகவில்லை, அதைக் காட்டிக்கொடுக்கக் கூடியது போய்விட்டது.

மறுபடி பரனூர். இந்தத் தடவை வாட்டர் பாடியை மாற்றினோம். புதுப்பேட்டையில் தேடி வாங்கிவந்தேன். மூன்றில் ஒரு சந்தேகம் தற்செயலாக அடிபட்டது. ஆனால் அப்படி அடிபட்டதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றுவதற்கு முன் அதுதானா என்று கேட்டுப் பார்க்காவிட்டால், மாற்றிய பிறகும் எதுவும் தெரிந்ததாகாது.

இதற்கிடையில் தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்ப்பேன். ஒரு சொம்பு குறைந்திருக்கும். வாசல் குழாயில் பிடித்து ஊற்றுவேன். பொறுப்புள்ள மனிதன் செய்கிற காரியம் என்ற எண்ணம் அதில் இருந்தது.

3

2021 ஏப்ரலில் அம்மாவை நிலத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி. மதுராந்தகம் ஏரியைத் தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. பாலாற்றுப் பாலம் வரைக்குமாவது போய்விடலாம் என்று ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் முள் தானாக இறங்கியது. பாதிக்கும் கீழே வந்தது. அம்மாவிடம், "எறங்கிடுச்சும்மா" என்று சொன்னது நினைவிருக்கிறது. அந்த நிம்மதியில் இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் போனேன். பிறகு எஞ்சின் சத்தம் மாறியது, இழுவை போயிற்று, நின்றது.

அந்த முள்ளுக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறு உணர்வி. அது நனைந்திருக்கும் தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீரே தீர்ந்துபோனால் அது வெறும் நீராவியிலும் காற்றிலும் நிற்கிறது. சூடு குறைந்ததாகச் சொல்கிறது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் முள் இறங்கும். கருவி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. அது எதற்குச் சாட்சி என்று கேட்காமல் நான்தான் அதை நம்பினேன்.

பானட்டைத் திறந்து, மூடியைத் துணிபோட்டுத் திருகி, பக்கத்துப் பம்புசெட்டில் பிடித்துவந்த தண்ணீரை ஊற்றப் போனேன். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். "ஆறட்டும்டா. அடுப்புலேர்ந்து எறக்கின சட்டில பச்சத்தண்ணி ஊத்துவாங்களா?" நான் கேட்கவில்லை. வெயில், அவசரம், அம்மா ரோட்டோரத்தில் நிற்கிறாளே என்ற வெட்கம். ஊற்றினேன். உள்ளே ஏதோ சுண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. ஹெட்டை வளைத்தது அதற்கு முந்திய ஆறு கிலோமீட்டரா அந்த ஒரு குடமா என்று பிறகு யாரும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பாய் மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீர் நிரப்பி, குளிர்ந்த எஞ்சினைக் கஷ்டப்பட்டு உயிர்ப்பித்துக் காட்டினார். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தன. எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது, அதாவது ஹெட் கேஸ்கட் போய்விட்டது. "இதான் சார் ஆரம்பத்துலேர்ந்து" என்றார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் அது ஆரம்பம் அல்ல, முடிவு. சூட்டால் போன கேஸ்கட்டைச் சூட்டுக்குக் காரணம் என்றோம். காரியமும் காரணமும் ஒரே அடையாளத்தோடு வந்து நிற்கும்போது எதுவும் பிடிபடாது. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, புது கேஸ்கட் போட்டார். மூன்று மாதத்தில் அதுவும் போயிற்று.

அன்று அவருடைய ஷெட்டில், மற்ற வண்டிக்காரர்கள் இருக்கும்போது, "ஒரே வேலைக்கு எத்தன தடவ பணம் வாங்குவீங்க பாய்?" என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய், அந்த வேலைக்கு நான் கொடுத்திருந்த முன்பணத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்த டயரின் மேல் வைத்தார். "வேற எடத்துல காட்டுங்க சார்."

4

வேறு இடத்தில் கேஸ்கட்டை மாற்றினார்கள். காரணத்தை அவர்களும் தேடவில்லை. கடைசியில் பல்லாவரத்தில் ஒரு ரேடியேட்டர் கடைக்குப் போனேன். ஈயம் பற்றவைக்கும் ஒரு பெரியவர். என் கதையை அவர் கேட்கவில்லை. எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினார். ஃபேன் நின்றதும் ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடங்களில் வைத்தார். மேலே சுட்டது. ஓரங்கள் சுட்டன. நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சூடே இல்லை. "இங்க ரத்தம் ஓடல" என்றார்.

இரண்டு வருஷம், ஐந்து பாகங்கள். இந்தப் பரிசோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை.

மேல்தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றியபோது குழாய்களின் வாய் தெரிந்தது. பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்திருந்தன. சில வாய்களில் சிப்பி போன்ற தகடுகள் குறுக்கே கிடந்தன. எஞ்சினுக்குள் மிகச் சூடான சுவர்களில் படிந்து, பெயர்ந்து, நீரோட்டத்தில் வந்து அங்கே மாட்டிக்கொண்டவை. ஒரு தகட்டைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "நம்ம வெந்நீர் அண்டால இருக்கறதுதானே இது? நான் புளி போட்டுத் தேச்சு எடுக்கறேனே" என்றாள்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வருஷம் எங்கள் தெருவில் எல்லோரும் போரை ஆழப்படுத்தினார்கள். நாங்களும் 120 அடியிலிருந்து 350க்குப் போனோம். கருநீலப் பாறைத் தூள் வந்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளின் பாறை அது. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லும் அதே பாறைதான் என்று கண்டு, 1893இல் ஹாலந்து என்ற புவியியலாளர் அதற்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். அந்தப் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் நின்ற தண்ணீர், நின்ற இடத்தின் உப்புகளைக் கரைத்து வைத்திருக்கிறது. பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிட்டதால் கிணறுகள் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் தண்ணீருக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. கெடுத்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆழத்துக்குப் போனோம், ஆழத்தில் இருந்தது வந்தது. அம்மாவின் அண்டாவில் வெள்ளை கனமாகப் படியத் தொடங்கியது அந்த வருஷம்தான். ஜீப் சூடாகத் தொடங்கியது அடுத்த வருஷம். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்தன. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. சூட்டைக் கடத்துவதில் அந்தப் படிவு இரும்பில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. எங்கே அதிகச் சூடோ அங்கேதான் அதிகம் படியும். அதாவது எந்த இடத்துக்குத் தண்ணீர் மிகவும் தேவையோ அந்த இடத்தைத் தண்ணீரிடமிருந்து மறைக்கும்.

ஆனால் இதிலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஒருதடவை நிரப்பிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம்தான். அது படிந்து தீர்ந்தால் அதோடு முடிந்தது. இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? பெரியவர் ரேடியேட்டர் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளிருந்த ரப்பர் வளையம் வெடித்து உதிர்ந்திருந்தது. மூடி வெறும் மூடி அல்ல. அது அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குமேல் கூடும். ஏழு பவுண்டு மூடி சரியாக இருந்தால் 110ஐத் தாண்டும்வரை தண்ணீர் கொதிக்காது. என் மூடி எதையும் பிடிக்கவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. உப்பு உள்ளேயே தங்கியது. காலையில் நான் ஒரு சொம்பு ஊற்றினேன், ஒரு சொம்புச் சுண்ணாம்பு வந்தது. அது சூட்டைக் கூட்டியது. சூடு இன்னும் தண்ணீரை வெளியேற்றியது. நான் இன்னும் ஊற்றினேன். வைத்தியமும் வியாதியும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றின. அந்த வட்டத்தில் தினமும் தவறாமல் கலந்துகொண்டவன் நான்.

5

புத்தக விமர்சனம் எழுதிவருகிறவன் நான். இருண்மை என்ற சொல்லை எத்தனை கவிதைத் தொகுதிகளின்மேல் எழுதியிருக்கிறேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அதுவும் முள் காட்டும் இடம்தான். பாரம் அதிகமானதால் இருண்ட கவிதை உண்டு. உள்ளே எதுவும் ஓடாததால் இருண்டது உண்டு. வாசிக்கிறவன் தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அடைத்ததும் உண்டு. எது எந்த இடத்தில் நடக்கிறது, எங்கே நடப்பதில்லை என்று கவனிக்காமல் மூன்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் கவிஞன் மேல் பழி போடச் சௌகரியமாக இருக்கும். பாய் மேல் நான் போட்டதுபோல.

ரேடியேட்டரைக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டு எடுத்தார்கள். எஞ்சினுக்குள் மிதமான சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டிப் பலதடவை கழுவினார்கள். அம்மாவின் புளிக்கு அது சித்தப்பா முறை. தெர்மாஸ்டாட் திரும்ப அதன் இடத்துக்குப் போயிற்று. புது மூடி. காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலன்ட். உறைபனி விழாத ஊரில் உறைதடுக்கும் திரவம் எதற்கு என்று நானும் ஒருகாலத்தில் கேட்டவன். குளிரைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். கொதிநிலையைக் கூட்டுவதும் துருவையும் படிவையும் தடுப்பதும் மற்றவை. அந்த மற்றவை நம்மூருக்கு வேண்டியவை.

மதுராந்தகம் போய்வந்தேன். பரனூரில் முள் நடுவில் நின்றது. அதை நம்பாமல் இறங்கி, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பாயின் ஷெட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒரு லோடு வண்டிக்குக் கீழே படுத்திருந்தார். வெளியே வரும்வரை நின்றேன். "பாய், கோளாறு உங்க வேலைல இல்ல. எங்க வீட்டுத் தண்ணி" என்று தகட்டை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஷெட் மூலையில் இருந்த நீல டிரம்மின் பக்கம் திரும்பினார். குழாய் மாட்டிய டிரம். வாய்விளிம்பில் வெள்ளை ஏடு கட்டியிருந்தது.

"நானும் தான சார் ஊத்தினேன்" என்றார். "எல்லா வண்டிக்கும் இதான் ஊத்தறேன்."

வாசலில் நாலைந்து வண்டிகள் முறைக்குக் காத்திருந்தன. கூலன்ட் ஒரு கேன் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "இத்த யார் சார் வாங்கி ஊத்துவா" என்றார். கேள்வி என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் அவர் ஜீப்பைச் சுற்றி வந்து பானட்டில் கையை வைத்திருந்தார். "கேஸ்கட் மாத்தி எவ்ளோ ஓடிச்சு?"

"ஐந்நூறு இருக்கும்."

"ஹெட் போல்ட் ரெண்டாந்தரம் டைட் வெச்சாங்களா?"

இல்லை என்றேன்.

"அதான் பாத்தேன். சாவிய வெச்சுட்டுப் போங்க. எஞ்சின் ஆறணும். நாளைக்குக் காலைல வாங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு, பெருங்களத்தூருக்கு பஸ்ஸில் திரும்பினேன்.